கேட்காமலே கேட்டதாக எழுதுகிறார்கள்!

  

எண்ணெய், எரிவாயுக் கம்பெனிக்காரர்கள் இப்போது புதுப் பாஷை பேசுகிறார்கள். 'நீடித்த வளர்ச்சி' என்கிறார்கள். 'பங்குதாரர் கலந்தாய்வு' என்கிறார்கள். வருஷா வருஷம் வழவழப்பான தாளில் அறிக்கை போடுகிறார்கள். அட்டையில் பச்சை நாற்று, நீலக் கடல். உள்ளே, கரையோர மக்களிடம் கருத்துக் கேட்டோம் என்று எழுதியிருக்கும். யாரிடம் கேட்டார்கள்? உங்களிடம் கேட்டார்களா? பங்குதாரர் என்றால் லாபத்தில் பங்கு உள்ளவர். நமக்கு நஷ்டத்தில் மட்டும்தான் பங்கு!

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் சங்கத்துக்கும் ஒரு கம்பெனியிடமிருந்து அழைப்பு வந்தது. டவுனில் ஏ.சி. மண்டபம். வாசலிலேயே நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் படம் போட்டு இங்கிலீஷில் பேசினார்கள். நிலத்தடி நீர் என்ன ஆகும், குழாய் வெடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டோம். 'குறித்துக்கொள்கிறோம்' என்றார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. பதில் மட்டும் இன்றுவரை வரவில்லை. நாங்கள் போட்ட கையெழுத்து 'கலந்தாய்வு நடந்தது' என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது.

சட்டம் சொல்லும் கருத்துக்கேட்பு அப்படியல்ல. 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதிப்பு அறிவிக்கைப்படி, குறைந்தது 30 நாள் முன்னால் தமிழ்ப் பேப்பரிலும் விளம்பரம் வர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். பேசியதை வீடியோ எடுத்து, கடைசியில் அதன் சாரத்தை நம் பாஷையிலேயே படித்துக்காட்டி, அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். இதிலும் ஓட்டை உண்டுதான். ஊரே வேண்டாம் என்றாலும் திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் நமக்குக் கிடையாது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் இல்லை. ஆனாலும் நாம் சொன்னது ரிக்கார்டில் ஏறும். கோர்ட்டுக்குப் போனால் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.

அந்தக் காகிதத்தையும் பிடுங்கிவிட்டார்கள். 2020 ஜனவரி 16-ல் மத்திய அரசு அறிவிக்கையைத் திருத்தியது. நிலமோ கடலோ, எண்ணெய் எரிவாயு தேடும் ஆய்வுக் கிணறுகளை 'பி2' என்ற பிரிவுக்கு மாற்றியது. பாதிப்பு அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்பும் வேண்டாம்! உற்பத்திக்குப் போகும்போது கேட்போமே என்கிறார்கள். கோடி கோடியாகக் கொட்டித் துளை போட்டு, வாயுவும் வந்த பிறகு கேட்பார்களாம். தாலி கட்டி முடித்துவிட்டு பொண்ணுக்குச் சம்மதமா என்று கேட்கிற கதை இது!

இதன் பலனை 2025-ல் பார்த்தோம். ராமநாதபுரம் பக்கம் 20 ஆய்வுக் கிணறு தோண்ட ஓ.என்.ஜி.சி.க்கு மார்ச் மாதம் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கருத்துக்கேட்பு கிடையாது. விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், ஆகஸ்டில், அனுமதியை வாபஸ் வாங்கும்படி மாநில அரசு சொன்னது.

'கடலில் தோண்டினால் மீனவர் பாடு, விவசாயிக்கு என்ன வந்தது?' என்று நம் ஆட்களே சிலர் கேட்கிறார்கள். கடலில் எடுத்த வாயு கடலிலேயே கிடக்குமா? காவிரிப் படுகைக் கடலில் பி.ஒய்-1 என்ற இடத்தில் 2009 முதல் எடுத்த வாயு, குழாய் வழியாகப் பிள்ளைபெருமாள்நல்லூருக்குத்தான் வந்தது. கரையேறும் குழாய் யார் வயல் வழியாகப் போகும்?

2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். புதிய எண்ணெய்க் கிணறுகளை அது தடுக்கிறது, சரி. ஏற்கெனவே நடக்கும் திட்டங்களைத் தொடாது. துறைமுகம், குழாய்ப்பாதை போன்ற கட்டமைப்புகளுக்கும் விலக்கு! அதன் எல்லை கரையோடு நின்றுவிடுகிறது. கடலுக்குள் போகாது.

குழாய் வந்தால் 1962-ம் வருஷத்துக் குழாய்ப்பாதைச் சட்டம் வரும். பட்டா நம் பேரில்தான் இருக்கும். ஆனால் குழாய் போகும் இடத்தில் கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. அந்த உரிமைக்கு விலை, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிர்ச் சேதத்துக்குத் தனி. ஆட்சேபம் சொல்ல அறிவிப்பு வந்த நாளிலிருந்து 21 நாள்தான் கெடு. தாளடி நடவில் சேற்றில் நிற்கிறவன் அரசிதழைத் தேடிப் படிப்பானா?

குழாய் உடையவே உடையாது என்பவர்கள் நாகூர் பட்டினச்சேரிக்குப் போய் விசாரிக்கட்டும். 2023 மார்ச்சில் அங்கே கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து கடல் கறுத்தது. 2025 பிப்ரவரியில் நாடு முழுக்க 25 வட்டாரங்களை ஏலம் அறிவித்தபோது, அதில் காவிரிப் படுகை ஆழ்கடலில் மட்டும் சுமார் 9,990 சதுர கிலோமீட்டர் இருந்தது. ஒரு ஊரிலும் தண்டோரா போடவில்லை.

வருகிற கிராமசபையில் எல்லோரும் தீர்மானம் கொண்டுவாருங்கள். 2020 திருத்தத்தை ரத்து செய்து, துளை போடுவதற்கு முன்பே கருத்துக் கேட்க வேண்டும். கடல் திட்டமானாலும் குழாய் கரையேறும் ஊர்களின் விவசாயிகளையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வேளாண் மண்டலச் சட்டத்தில் குழாய்ப்பாதைக்குக் கொடுத்த விலக்கை நீக்க வேண்டும். தீர்மான வாசகம் சங்க அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறோம். பெண்கள், குத்தகைதாரர்கள், கூலி வேலை செய்பவர்கள் எல்லோரும் வர வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினார்களா என்று கண்ணால் பார்த்து, நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். நகல் வந்ததும் ஒரு பிரதியைச் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். எல்லா ஊர் நகலையும் கட்டி, ஊர்வலமாகப் போய்க் கலெக்டர் கையில் கொடுப்போம்.