பருத்தி போடலாமா, வேண்டாமா? கப்பலில் வரும் பஞ்சும் கரிசல் காட்டு விலையும்

கேள்வி: "மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. வருடா வருடம் பருத்தி போடுகிறோம். அமெரிக்கா நம் துணிக்கு வரி போட்டுவிட்டது, நம் அரசு வெளிநாட்டுப் பஞ்சுக்கு வரியை எடுத்துவிட்டது என்கிறார்கள். இதற்கும் எங்கள் பருத்திக்கும் என்ன சம்பந்தம்? இந்த ஐப்பசியில் பருத்தி விதைக்கலாமா?"
- வாசகர், திருச்சுழி வட்டம்.

பதில்: சம்பந்தம் இருக்கிறது. திருப்பூர் பின்னலாடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. 2025 ஆகஸ்ட் 7-ம் தேதி இந்தியச் சரக்குக்கு 25 சதவிகிதம் கூடுதல் வரி போட்ட அமெரிக்கா, ஆகஸ்ட் 27 முதல் அதை 50 சதவிகிதமாக்கியது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவிகிதம்தான் இருந்தது. ஒரே மாதிரி பனியன் இரண்டு நாட்டிலிருந்து வந்தால், கடைக்காரர் வரி குறைந்ததைத்தான் வாங்குவார். திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் நூல் தேங்கும்; நூல் தேங்கினால் மில்லுக்குப் பஞ்சு வேண்டாம்; பஞ்சு வேண்டாம் என்றால் களத்தில் கிடக்கும் பருத்திக்கு விலை ஏது?

அடுத்தது இறக்குமதி வரி. 2021 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவிகித வரி இருந்தது. ஏற்றுமதியாளர்களின் சுமையைக் குறைக்க, ஆகஸ்ட் 19 முதல் அதை மத்திய அரசு நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். 100 ரூபாய்க்கு வரும் வெளிநாட்டுப் பஞ்சு, வரியோடு 111 ரூபாய் ஆகும். வரி இல்லாவிட்டால் 100 ரூபாய்தான். மில்காரர் உள்ளூர்ப் பஞ்சுக்கு அதற்கு மேல் தர யோசிப்பார். திருச்சுழி மானாவாரியில் பருத்தி வெடிப்பது தை, மாசியில். அதற்குள் மில் குடோன்களில் வரியில்லாப் பஞ்சு சேர்ந்திருக்கும்.

அப்படியானால் வரியை நிரந்தரமாகப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 2022 மே மாதம் ஒரு கண்டி (356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மில்களும் திருப்பூரும் திணறின. அடுத்த பருவத்தில் விலை இறங்கியபோது, ஏறின விலையை நம்பிக் கூடுதலாக விதைத்தவர்கள் அடிபட்டார்கள். அருப்புக்கோட்டை, ராஜபாளையம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அப்பா பருத்தி எடுக்கிறார், மகள் மில் வேனில் வேலைக்குப் போகிறாள். பஞ்சு விலை அளவுக்கு மீறி ஏறினால் மகளுக்கு ஷிப்ட் குறையும். அடியோடு சரிந்தால் அப்பாவுக்கு எடுப்புக் கூலிக்கும் கட்டாது.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. தென் மாநிலத் துறைமுகங்களை வடக்குப் படை அடைத்ததால் இங்கிலாந்து மில்களுக்குப் பஞ்சு போகவில்லை. தூத்துக்குடியில் கப்பலேறிய நம் தெற்கத்திப் பருத்திக்குக் கிராக்கி வந்தது. போர் முடிந்ததும் விலை இறங்கியது.

சிறு விவசாயியைக் கெடுப்பது கதவு திறந்திருப்பதோ மூடியிருப்பதோ மட்டுமல்ல. சொல்லாமல் கொள்ளாமல் திறந்து மூடுவதுதான். விதைத்த பிறகு விவசாயி பயிரை மாற்ற முடியாது. நாடுகள் உட்கார்ந்து பேசி, அளவும் தேதியும் குறித்துச் செய்யும் ஒப்பந்தம் இதைவிட மேல். 2022 டிசம்பர் 29-ல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில், வருடத்துக்கு 51,000 டன் பஞ்சுதான் வரியில்லாமல் வரலாம் என்று வரம்பு இருக்கிறது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தப்படி, இந்திய ஆடைகளுக்கு அங்கே வரி இருக்காது. ஒரே நாட்டை நம்பியிருக்கும் நிலை அப்போது கொஞ்சம் மாறும். ஆனால் இப்படிப்பட்ட பேச்சுவார்த்தையில் மில்காரர் குரலோடு மானாவாரிக்காரர் குரலும் கேட்க வேண்டும். விதைப்புக்கு முன்பே இறக்குமதி முடிவைச் சொல்லுங்கள் என்று விவசாயச் சங்கங்கள் கேட்பது நியாயமான கோரிக்கை.

சரி, இந்த ஐப்பசிக்கு என்ன செய்வது?

• பருத்தியை அடியோடு விட வேண்டாம். மூன்று ஏக்கரிலும் போடவும் வேண்டாம். ஒரு ஏக்கர் பருத்தி, அதில் ஊடுபயிராக உளுந்து. மீதியில் மக்காச்சோளம் அல்லது குதிரைவாலி. மக்காச்சோளத்துக்குப் படைப்புழு, காட்டுப்பன்றித் தொல்லை உண்டு என்பதையும் கணக்கில் எடுங்கள். உளுந்தையும் 2026 மார்ச் 31 வரை தடையின்றி இறக்குமதி செய்ய அரசு அனுமதித்திருந்தது. அதனால் எந்த ஒன்றையும் முழுக்க நம்ப வேண்டாம்.

• 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு ரூ.7,710, நீண்ட இழைக்கு ரூ.8,110. இந்த விலைக்கு வாங்குவது இந்தியப் பருத்திக் கழகம். அதற்குக் 'கபாஸ் கிசான்' செயலியில் ஆதார், நில ஆவணம் கொடுத்துப் பதிய வேண்டும். விதைத்ததும் வி.ஏ.ஓ.விடம் அடங்கலில் பருத்தி என்று பதிவாகிவிட்டதா என்று பாருங்கள்.

• ஈரப்பதம் 8 சதவிகிதம் வரை முழு விலை. அதற்கு மேல் 12 வரை பிடித்தம். 12-ஐத் தாண்டினால் வாங்க மாட்டார்கள். பனி காய்ந்த பிறகு எடுத்து, நன்றாக உலர்த்தி, கொட்டுப் பருத்தியைத் தனியாக வையுங்கள்.

• கொள்முதல் மையம் பக்கத்தில் இல்லாவிட்டால் ஆதரவு விலை காகிதத்தில்தான் இருக்கும். மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், தை பிறக்கும் முன்பே நாலைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து மையம் கேட்டு மனு கொடுங்கள். வியாபாரியிடம் விலை பேசும் முன் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.