போட்டோ ஸ்டாண்டா பியானோ?

"யாரும் வாசிக்கறதில்ல, ட்யூனிங் எதுக்கு வெட்டிச் செலவு?" தாத்தா காலத்துப் பியானோ இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் டயலாக். சுத்தத் தலைகீழ் லாஜிக்! சுருதி போனதால்தான் யாரும் கிட்டப் போவதில்லை.

உள்ளே சுமார் 230 கம்பிகள். மொத்த இழுவிசை 15 டன்னைத் தாண்டும். ஒலிப்பலகை மழைக்காலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தொடாமலே வைத்திருந்தாலும் சுருதி நகரும். கச்சேரிக்குக் கச்சேரி தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும் சென்னையில் இதற்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம்?

பல வருஷம் விட்டால் ஒரே தடவையில் சரியாகாது. முதலில் மொத்தச் சுருதியையும் ஏற்றி, பிறகு நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பி அறுந்தால் அது தனிச் செலவு. தள்ளிப்போட்ட பராமரிப்பு சேமிப்பு அல்ல, வட்டி ஏறும் கடன்.

வருஷத்துக்கு இரண்டு தடவை ட்யூனரைக் கூப்பிடுங்கள். முடியாதா? கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். போட்டோ வைக்க ஒரு ஸ்டூல் போதும் மக்களே!