இல்லமும் நலமும்: உறையில் எழுதியதும் உள்ளே உள்ளதும்

கோடை வெயில் கொளுத்திய ஒரு நண்பகலில், கிழக்குத் தாம்பரத்துக் கடையொன்றில் ஒரு காட்சியைக் கண்டோம். 'புரோபயாடிக்' பானக் குப்பிகள் நிறைந்த பெட்டி, குளிர்பெட்டிக்கு வெளியே வாயிலருகே கிடந்தது. ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியவர் ஒருவர், "வயிற்றுக்கு நல்லதாமே" என்று கூறி, அதிலிருந்தே ஒரு கட்டு வாங்கிச் சென்றார். கொடுத்த பணத்திற்கு ஏற்ற பொருள் அவருக்குக் கிட்டியதா? இவ்வினாவே இம்மாதம் நம்மை எழுதத் தூண்டியது.

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக் என்று, 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு வரையறுத்தது. உயிர், அளவு, நன்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் அப்பெயர் பொருந்தும்.

முதலாவது உயிர். வெப்பத்தில் இவ்வுயிர்கள் விரைந்து மடியும். தொழிற்சாலையிலிருந்து குரோம்பேட்டைக்கோ சேலையூருக்கோ வந்து சேரும் வரை குளிர் குன்றாதிருத்தல் வேண்டும். வழியில் தவறு நேர்ந்திருப்பின், குப்பியைப் பார்த்து நாம் அறிய இயலாது.

இரண்டாவது அளவு. ஒரு நாளைக்கு உண்ணும் பங்கில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு உணவு விதிகள் வகுத்த பொது அளவு. எண்ணிக்கை பெரிதாயிருப்பதனாலேயே பயன் பெருகிவிடாது.

மூன்றாவது நன்மை. ஓர் இனத்தின் குறிப்பிட்ட வகைக்கு மெய்ப்பிக்கப்பட்ட பயனை மற்றொரு வகைக்கு ஏற்றிக் கூறலாகாது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் உண்டாகும் வயிற்றுப்போக்கைச் சில வகைகள் தணிக்கின்றன என்பதற்குச் சான்றுகள் உள. ஆனால், சளிக் காய்ச்சலைத் தடுக்கும் என்றெல்லாம் விளம்பரம் செய்த டேனன் நிறுவனம், 2010-இல் அமெரிக்காவில் அக்கூற்றுகளைக் கைவிட இசைந்து, 39 மாநிலங்களுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

நம் வீட்டுத் தயிரோ? அதிலும் உயிருள்ள நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றின் வகையும் எண்ணிக்கையும் அளந்தறியப்படாமையால் அப்பெயர் அதற்கு உரியதன்று. எனினும் நல்லுணவு என்னும் தகுதி குறைவதில்லை. இட்லி மாவைப் புளிக்கச் செய்த உயிர்களோ ஆவியில் மடிந்துவிடுகின்றன.

ஆதலின் வாங்குமுன் உறையைப் படியுங்கள். நுண்ணுயிரின் இனமும் வகையும், எண்ணிக்கை, காலாவதி நாள், காக்க வேண்டிய குளிர்நிலை ஆகியவை உள்ளனவா என்று காணுங்கள். குளிர்பெட்டிக்கு வெளியே வைத்திருப்பதை, 'குளிரில் வைக்கவும்' என்று உறையே கூறுமாயின், வாங்காதீர்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு எனில் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், மருத்துவரை நாடுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்ணலாகாது.

அம்முதியவரிடம் அன்று நாம் ஒரு சொல் கூறியிருக்கலாம், கூறாது வந்துவிட்டோம். உங்கள் இல்லத்துப் பெரியவர்களிடமாவது நீங்கள் கூறுங்கள்.