கொலைகாரனின் பெயர் கேட்கும் அண்ணாச்சிக்கு

எம்.ரெட்டியபட்டியில் நாங்கள் கே.ஜி. ஜார்ஜின் ‘லேகயுடெ மரணம் ஒரு ஃப்ளாஷ்பேக்’ படத்தைத் திரையிட்டதைக் கண்டித்து நீங்கள் எழுதிய கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன், அண்ணாச்சி. செத்துப்போன ஒரு பெண்ணை வைத்துக் காசு பார்த்த படம் என்கிறீர்கள். குற்றக்கதை என்கிறார்களே, குற்றவாளி யாரென்று கடைசிவரை சொல்லவில்லையே என்று கேட்கிறீர்கள். நியோ-நுவார் என்கிற இருட்டுப் பட வகை மேற்கிலிருந்து இறக்கியது, வெயில் காயும் நம் மண்ணில் ஒட்டாது என்கிறீர்கள். சினிமாவுக்கு ஆசைப்பட்டுப் போன பெண்ணுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று முடிக்கிறீர்கள். வயதில் மூத்தவர் எழுதியது என்பதற்காக இதை விட்டுவிட முடியவில்லை. எழுதியிருப்பது தவறு மட்டுமல்ல, ஈரமில்லாததும்கூட.

வெயில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ரோமன் போலன்ஸ்கி 1974இல் எடுத்த ‘சைனாடவுன்’ நியோ-நுவார் வகைக்கு உலகமே காட்டும் உதாரணம். அதன் கதை நடப்பது கண்ணைக் கூசவைக்கும் வெயிலில். லாஸ் ஏஞ்சலீஸில் வறட்சி. தண்ணீரை ரகசியமாகத் திருப்பிவிட்டு, காய்ந்துபோன நிலத்தைப் பினாமி பெயர்களில் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார் ஒரு பெரிய மனிதர். பெற்ற மகளையே சீரழித்தவரும் அவர்தான். கடைசியில் அவரை யாரும் தொட முடிவதில்லை. கண்மாய் மேடுதட்டி, காட்டையெல்லாம் சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கும் திருச்சுழிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதை நமக்கு அந்நியம் என்று எழுத எப்படி மனம் வந்தது? தமிழிலேயே 2011இல் தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ வந்தது. தணிக்கைக் குழு 52 வெட்டுக் கேட்ட படம். பிறகு இரண்டு தேசிய விருது வாங்கியது. கிழட்டு தாதா ஒருவன் அடைத்துவைத்திருந்த சுப்பு என்ற பெண்தான் அதில் கடைசியில் உயிரோடும் பணத்தோடும் வெளியே போகிறாள். இருட்டு என்பது விளக்கில்லாத அறையைப் பற்றிய பேச்சல்ல. பணமும் அதிகாரமும் சேர்ந்து ஒருவரை மூலைக்குத் தள்ளும்போது தப்ப வழியில்லாமல் போகிறதே, அதைப் பற்றியது. ஜார்ஜ் தன் படத்துக்கு நியோ-நுவார் என்று பெயர் வைக்கவில்லை. அந்தப் பெயர் அதற்குப் பொருந்துகிறது என்பேன்.

காசு பார்த்தார் என்ற பழிக்கு வருகிறேன். 1983இல் வந்த அந்தப் படம் நடிகை ஷோபாவின் மரணத்தை நினைவூட்டுகிறது என்பது அன்றைக்கே எல்லோரும் பேசியது. 1980 மே 1 அன்று இறந்தபோது ஷோபாவுக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. துரையின் ‘பசி’யில் குப்பை பொறுக்கும் குப்பம்மாவாக நடித்துத் தேசிய விருது பெற்றவர் அவர். ஜார்ஜ் எங்கோ தூரத்தில் நின்று செய்தி படித்த ஆளில்லை. 1979இல் தன் ‘உள்க்கடல்’ படத்தில் ஷோபாவை நடிக்கவைத்தவர். தெரிந்த பெண்ணின் சாவு அவரைத் தூங்கவிடவில்லை என்றுதான் நான் அந்தப் படத்தைப் புரிந்துகொள்கிறேன். சாவை வைத்துக் காசு பண்ண நினைக்கிறவன் அதை மர்மமாக்குவான். யார், யார் என்று கடைசி ரீல்வரை இழுப்பான். ஜார்ஜ் தலைப்பிலேயே சாவைச் சொல்லிவிடுகிறார். மீதிப் படம் முழுவதும், கேரளத்திலிருந்து அப்பா அம்மாவோடு மதராஸுக்கு வந்த ஒரு சிறுமி லேகாவாகி அந்தச் சாவுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்ற விசாரணை.

குற்றவாளி பெயர் இல்லை என்கிறீர்கள். பெயர்களாகத்தான் இருக்கின்றன, அண்ணாச்சி. உங்கள் கண்ணில் பட்டது தாய் மட்டும். மகளை உந்தித் தள்ளிய தாயின் பேராசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இரண்டு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாயைப் படம் ஒளிக்கவில்லை. ஆனால் வாடகைக்கும் சோற்றுக்கும் வழியில்லாத அந்தத் தாயிடம் வந்து, சான்ஸ் வேண்டுமென்றால் இதற்குச் சம்மதிக்க வேண்டும் என்று சொன்ன ஆண்கள் உங்கள் கட்டுரையில் எங்கே போனார்கள்? அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பரத் கோபி நடித்த சுரேஷ் பாபு பற்றியும் இல்லை. அவர் மசாலாப் பட ஆசாமி இல்லை. நல்ல சினிமா எடுக்கிறவர், நாலு பேர் மதிக்கிறவர், கல்யாணமானவர். அந்தப் பெண் நம்பிப் பிடித்த கை அவருடையது, விட்டதும் அதே கை. பழியைக் கோடம்பாக்கத்துப் புரோக்கர்கள் மேல் போட்டுவிட்டு ஜார்ஜ் கைகழுவியிருக்கலாம். தன்னைப் போன்ற தீவிர இயக்குநர் ஒருவரையே கூண்டில் ஏற்றினார். இந்த நேர்மையைத்தான் நீங்கள் கோழைத்தனம் என்று எழுதினீர்கள்.

ஒரே ஒரு கொலைகாரன் கிடைத்தால் நமக்கெல்லாம் வசதி. அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே அப்படிப் போக முடியாது என்று படம் சொல்கிறது. உங்கள் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

இது கட்டுக்கதை என்றும், பழைய காலம் என்றும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. 2017இல் கேரள அரசு, மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழு அமைத்தது. 2019 டிசம்பர் கடைசியில் அறிக்கை தயார். 2024 ஆகஸ்ட் 19 அன்றுதான், அதுவும் பல பகுதிகளை மறைத்து, வெளியே விட்டார்கள். ‘அட்ஜஸ்ட்மென்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்ற இரண்டு சொற்கள் அங்கே சினிமாவில் இருக்கும் பெண்களுக்கு நன்றாகவே பழகியவை என்கிறது அந்த அறிக்கை. படப்பிடிப்புத் தளத்தில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற அறை இல்லை என்கிறது. துணை நடிகைகளின் பாடு இன்னும் மோசம் என்கிறது. அந்தக் குழுவின் மூன்று உறுப்பினர்களில் ஒருவர் நடிகை சாரதா. 1983இல் ‘லேக’ படத்தில் சுரேஷ் பாபுவின் மனைவியாக நடித்த அதே சாரதா. படத்தில் அன்று காட்டியதற்கு 41 ஆண்டு கழித்து அரசு முத்திரையோடு சாட்சியம் வந்திருக்கிறது. அதன் பிறகு சென்னையிலும் நடிகர் சங்கம் கூடி, பாலியல் தொல்லை கொடுத்தது நிரூபணமானால் ஐந்தாண்டு தடை விதிக்கத் தயாரிப்பாளர்களுக்குப் பரிந்துரைப்போம் என்று தீர்மானம் போட வேண்டியிருந்தது. பழைய காலமா இது?

எம்.ரெட்டியபட்டிக்கு என்ன சம்பந்தம் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. என்னை அதிகம் கோபப்படுத்தியதும் அதுதான். பங்குனி, சித்திரை வந்தால் இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் கோயில் பொங்கல். பொங்கல் என்றால் விடியவிடிய வள்ளி திருமணம் நாடகம். அந்த மேடைக்கு வரும் ஸ்திரீபார்ட், டான்ஸ் நடிகை எல்லாம் வேறு கிரகத்துப் பெண்களா? சூசன் சைசர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரையில் தங்கி, இப்படி மேடையேறும் ‘ஸ்பெஷல் நாடக’ நடிகைகளோடு ஊர் ஊராகப் போய் 2005இல் ஒரு புத்தகமே எழுதினார். ராத்திரி பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றால் ஊர் என்ன பேசும் என்று பயந்து, கூட்டாக வேன் பிடித்துப் போவதற்குச் சம்பளத்திலிருந்தே காசு கொடுக்கும் பெண்களை அவர் எழுதியிருக்கிறார். அவர்களில் எத்தனையோ பேர் பிள்ளைகளைப் படிக்கவைக்க மேடையேறுகிறவர்கள். பபூன் அந்தப் பெண்ணை இரட்டை அர்த்தத்தில் இழுக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவோம். மறுநாள் டீக்கடையில் அவள் எப்படிப்பட்டவள் என்று தீர்ப்பும் சொல்வோம். ‘ஆசைப்பட்டுப் போனாள், அனுபவித்தாள்’ என்று நீங்கள் லேகாவைப் பற்றி எழுதிய வாக்கியம் அந்த டீக்கடைத் தீர்ப்புதான்.

படத்தை இன்னொரு முறை போடப்போகிறோம். வாருங்கள். எந்தக் காட்சி பொய் என்று கூட்டத்துக்கு முன்னால் எழுந்து சொல்லுங்கள், பதில் சொல்கிறோம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாடகம் பேச உட்காரும் விழாக் கமிட்டிகளிடம் உங்களுக்குச் செல்வாக்கு உண்டு. மேடைக்குப் பின்னால் நடிகைகள் உடை மாற்றத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையும், பக்கத்தில் ஒரு கழிப்பறையும் வேண்டும் என்று இந்த வருஷமே கேளுங்கள்.