ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

சேர்க்கை நாட்களில் எங்கள் கல்லூரியில் துறைக்கொரு மேசை போடுவார்கள். ஆங்கிலத் துறை மேசையில் துறைத்தலைவருக்குப் பக்கத்து நாற்காலி பல ஆண்டுகளாக என்னுடையது. இந்த ஆண்டும் உட்கார்ந்தேன். மதியம் இரண்டு மணி வாக்கில் ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் 'பீடி சுற்றுதல்' என்று எழுதியிருந்தது. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆள் அந்தப் பெண். அம்மா சுற்றி வளைக்காமல் கேட்டார்: "சார், இதப் படிச்சா பிள்ள எங்க வேலைக்குப் போவா?"

துறைத்தலைவர் சிரித்தபடியே சொன்னார்: "இங்கிலீஷ் தெரிஞ்சா எங்க வேணும்னாலும் பொழச்சுக்கலாம்மா."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நான் 2003-இல் முதுகலை முடித்தபோது எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். பெரும்பாலோரின் இன்றைய நிலை எனக்குத் தெரியும். ஏழு பேர் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலேயே மிகக் கூர்மையாக எழுதியவள், கீட்ஸைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை ஆசிரியரே நகலெடுத்து வைத்துக்கொண்டார், இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ்' நடத்திக்கொண்டிருக்கிறாள். கடைசியாகப் பார்த்தபோது சம்பளம் பதினோராயிரம் என்றாள். நால்வர் அரசுத் தேர்வெழுதி எழுத்தர்களாகவும் ஒருவர் கிராம நிர்வாக அலுவலராகவும் ஆனார்கள். எங்களில் நிம்மதியாக உறங்குபவர்கள் அவர்கள்தான். இருவர் பத்தாண்டுகளுக்கு மேல் கௌரவ விரிவுரையாளர்களாக இருக்கிறார்கள். அந்தப் பெயரிலுள்ள கௌரவத்தைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வழிகாட்டியது. தமிழக அரசுக் கல்லூரிகளில் 20,000 ரூபாயாக இருந்த ஊதியம் 25,000 ஆனதே 2023-இல்தான்.

மூவர் சென்னைக்குப் போய்க் கால் சென்டரில் சேர்ந்தார்கள். அது அந்தத் தொழில் கொழித்த காலம். டைடல் பார்க் திறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் நண்பன் ஒருவனுக்கு மில்டனில் நல்ல தேர்ச்சி உண்டு. இரவு முழுக்க வேறு பெயரில், திருநெல்வேலி வாடையை நாக்கிலிருந்து சுரண்டி எடுத்துவிட்ட ஆங்கிலத்தில், யாரோ ஒருவருடைய கடன் அட்டை நிலுவையைப் பற்றிப் பேசிவிட்டு விடியற்காலையில் அறைக்குத் திரும்புவான். நான்கு வருடத்தில் தொண்டையும் தூக்கமும் கெட்டு ஊருக்கு வந்து செல்பேசிக் கடை வைத்தான். கடை நன்றாக ஓடுகிறது. அவனிடம் மில்டனைப் பற்றிக் கேட்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

நான் அதிகம் யோசிப்பது இன்னொருவனைப் பற்றி. லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளியாகும் ஆய்வு நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அச்சுக்கோப்பு சென்னை என்றோ புதுச்சேரி என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். அப்படியொரு நிறுவனத்தில் அவன் பிரதி திருத்துபவன். ஷேக்ஸ்பியர் குறித்தும் பின்காலனியம் குறித்தும் உலகம் புதிதாக என்ன எழுதுகிறது என்பதை, எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அனைவருக்கும் முன்பாக, கையெழுத்துப் பிரதியிலேயே படித்துவிடுபவன் அவன். ஆனால் படிப்பதில்லை. அடிக்குறிப்பில் காற்புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா, மேற்கோள் பட்டியல் சிகாகோ முறையில் இருக்கிறதா என்று பார்க்கிறான். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு. 'வாக்கியம் என்ன சொல்லுதுன்னு கவனிச்சா டார்கெட் முடியாதுடே' என்று ஒருமுறை சொன்னான். ஆங்கில இலக்கியப் படிப்பு ஒருவனைக் கொண்டுசேர்க்கும் இடம் பற்றி இதைவிடத் துல்லியமான வாசகத்தை நான் கேட்டதில்லை.

இவர்கள் எல்லோருமே 'பிழைத்துக்கொண்டார்கள்' என்பது உண்மை. அப்படியானால் எங்கள் மேசையில் சொல்லப்பட்ட பதிலில் பொய் எங்கே இருக்கிறது?

பதிலில் வந்த சொல் 'இங்கிலீஷ்'. நாங்கள் விற்கும் பட்டத்தின் பெயரோ ஆங்கில இலக்கியம். சந்தை வாங்குவது முதலாவதை. எங்கள் வகுப்பறையில் அதைக் கற்றுத்தருவதில்லை. அது ஏற்கெனவே உள்ளவர்கள் நகரத்துப் பள்ளிகளிலிருந்து கொண்டுவருகிறார்கள், இல்லாதவர்கள் இல்லாமலே திரும்புகிறார்கள். சரி, இலக்கியமாவது கிடைக்கிறதா? ஹட்சனின் இலக்கிய வரலாற்றுச் சுருக்கம், சேவியரின் இங்கிலாந்துச் சமூக வரலாறு, பி. பிரசாத், ஏப்ரம்ஸின் கலைச்சொல் அகராதி, அவற்றுக்கு மேல் கடைத்தெரு நோட்ஸ். 'பாரடைஸ் லாஸ்ட்' நூலைக் கையால் தொடாமலே அதைப் பற்றிப் பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்தவனுக்கு நாங்கள் முதல் வகுப்பு தருகிறோம். நான் மேலிருந்து குற்றம் சாட்டவில்லை. அந்த நோட்ஸ்களில் சில என் கையெழுத்தில் தொடங்கியவை. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் இன்றும் கிடைக்கும்.

ஆக, மொழியும் தராமல் இலக்கியமும் தராமல், ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றுக்குக் கட்டணம் வாங்குகிறோம். இந்த ஏற்பாடு இத்தனை நாள் ஓடியதற்குக் காரணம், ஓரளவு ஆங்கிலம் தெரிந்த எவருக்கும் ஏதோ ஒரு கூலி கிடைத்துக்கொண்டிருந்தது என்பதே. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. நிறுவனங்களுக்கு விளம்பர வாசகம் எழுதுவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, இலக்கணப் பிழை திருத்துவது என எங்கள் மாணவர்கள் கடைசியாக ஒதுங்கியிருந்த திண்ணையிலும் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. பிழையற்ற, உயிரற்ற ஆங்கிலத்தை இனி யாரும் மாதச் சம்பளம் கொடுத்து வாங்கப்போவதில்லை. இது தெரிந்த பிறகும் இந்த ஆண்டு நான் தலையாட்டினேன்.

இதைப் பேசினால் இரண்டு தரப்பிலிருந்தும் அடி விழும். ஒரு தரப்பு, 'இலக்கியம் வேலைக்காகவா படிக்கப்படுகிறது?' என்று புருவம் உயர்த்தும். இப்படிக் கேட்கும் எவரும் மாதம் முப்பதாம் தேதியைப் பற்றிக் கவலைப்படுபவராக இருந்து நான் பார்த்ததில்லை. பீடி சுற்றும் வீட்டிலிருந்து வருகிறவளிடம் கலை கலைக்காகவே என்று சொல்வதற்கு ஒரு தடித்தனம் வேண்டும். மறு தரப்பு, 'எல்லாம் மெக்காலே செய்த வேலை, இந்தத் துறைகளையே இழுத்து மூடு' என்னும். மெக்காலேயைத் திட்டுவது நமக்கு ஒரு சௌகரியம். 1835 குறிப்பில் அவர் விரும்பியது என்ன? ஆள்வோருக்கும் ஆளப்படும் கோடிக்கணக்கானோருக்கும் நடுவே நின்று இரு பக்கமும் பொருள் சொல்லும் ஒரு வகுப்பு; நாட்டு மொழிகளைச் செழுமைப்படுத்தும் வேலையும் அந்த வகுப்பைச் சேர்ந்தது என்றே அவர் எழுதினார். அவருடைய ஆணவத்தையும் அறியாமையையும் ஒரு பக்கம் வையுங்கள். அவர் கேட்டது நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர்களை. கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகளில் அதைக்கூட நம் ஆங்கிலத் துறைகள் செய்யவில்லை என்பது அல்லவா வெட்கம்?

செய்திருக்க முடியும் என்பதற்கு முதல் சாட்சியே முதல் பட்டதாரிதான். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1857-இல் பி.ஏ. தேறிய இருவரும் யாழ்ப்பாணத்தார். அவர்களில் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலக் கல்வி பெற்றவர். (அன்றைய பி.ஏ. தனி ஆங்கில இலக்கியப் பட்டம் அன்று. ஆனால் ஆங்கிலத்தின் வழியே வந்த கல்வி.) ஆசிரியர், பத்திரிகையாசிரியர், அரசுக் கணக்குத் துறை, வழக்கறிஞர், புதுக்கோட்டையில் நீதிபதி என்று அவரும் நம் பிள்ளைகளைப் போலவே கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். அந்த வேலைகளுக்கு நடுவில் ஏடு தேடி, ஏட்டோடு ஏடு ஒப்பிட்டு, 1887-இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஆங்கிலம் அவரைத் தமிழிலிருந்து பெயர்த்துக்கொண்டு போகவில்லை.

ஏ.கே. ராமானுஜனுடைய கதை இதற்கு நேர்மாறான பாடம். மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தார். இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் ஆங்கிலம் கற்பித்தார். வீட்டு மொழி தமிழ். அப்படியிருந்தும் 1962-இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப் போனபோதுதான் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் பட்டது. 1967-இல் அவருடைய மொழிபெயர்ப்பு வெளிவந்ததும், உலகம் சங்கக் கவிதையைப் பார்க்கும் பார்வை மாறியதும் நாம் அறிந்ததே. சிகாகோவைப் புகழ இதைச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் அவரை வைத்திருந்த இங்குள்ள ஆங்கிலத் துறை எதுவும் அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியர், சி. மணி ஆங்கில ஆசிரியர் என்று பெயர்களை அடுக்கலாம். அவர்கள் அத்துறைகளின் விளைச்சல் அல்லர். துறைகளின் கண்ணில் படாமல் வரப்பில் முளைத்தவர்கள்.

இன்றைய நிலையைப் பாருங்கள். பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' 2023-இல் ஜேசிபி பரிசு பெற்றது. அதை ஆங்கிலத்தில் தந்த ஜனனி கண்ணன் கட்டடக் கலைஞர். ஜெயமோகனின் 'அறம்' கதைகளை மொழிபெயர்த்த பிரியம்வதா ராம்குமார் நிதித்துறையில் பணிபுரிபவர். 'ஏழாம் உலக'த்தை ஆங்கிலமாக்கிய சுசித்ரா ராமச்சந்திரன் நரம்பியல் அறிவியலாளர். சூடாமணியை மொழிபெயர்த்த பிரபா ஸ்ரீதேவன் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். கட்டடம் கட்டுகிறவரும், முதலீட்டைக் கணக்கிடுகிறவரும், மூளையை ஆராய்கிறவரும், தீர்ப்பெழுதியவரும் தத்தம் வேலைக்கு மிஞ்சிய நேரத்தில் தமிழை ஆங்கிலத்துக்குச் சுமக்கிறார்கள். அதற்கென்றே படித்திருக்க வேண்டிய ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் பட்டம் வாங்கி வெளியே வருகிறார்கள். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமையும் ஜி.ஜே.வி. பிரசாத்தையும் விதிவிலக்காக யாரேனும் சுட்டுவார்கள், சுட்டட்டும். விரல்விட்டு எண்ண முடிகிறது என்பதே என் வாதத்துக்குப் போதும்.

'மொழிபெயர்ப்புக்கு ஒரு தாள் இருக்கிறதே' என்று சக ஆசிரியர்கள் நினைவூட்டுவார்கள். இருக்கிறது. அதில் நைடா என்ன சொன்னார், காட்ஃபோர்ட் என்ன சொன்னார் என்று கேள்வி வரும். ஒரு வரிகூட மொழிபெயர்க்காமல் அந்தத் தாளில் எண்பது வாங்கலாம். இன்னொரு தாளில் திருக்குறளை ஜி.யு. போப்பின் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறோம். குறளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பெண், 1886-இல் வந்த அந்த ஆங்கிலத்துக்குக் கடைத்தெரு நோட்ஸ் வாங்கிப் படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் எங்கள் வகுப்பறையில் ஒரு குறைபாடாகவே கருதப்படுகிறது. இரண்டு மொழிகளுக்கு நடுவே நிற்கும் இடம் ஒன்றுதான் அவளிடம் இருக்கும் முதல். நகரத்துப் பள்ளிப் பிள்ளையிடம் இல்லாதது. இயந்திரம் ஒரு வட்டாரச் சொல்லுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும்போது 'அப்படி இல்லை' என்று சொல்லும் காது அவளுடையது. அந்த முதலைத்தான் நாங்கள் மூன்று வருடம் செலவழித்துக் கரைத்து அனுப்புகிறோம்.

மொழிபெயர்ப்பு எல்லோருக்கும் சோறு போடும் என்று நான் சொல்ல வரவில்லை, போடாது. 2023 முதல் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியையொட்டி அரசு மொழிபெயர்ப்பு நல்கை தருகிறது என்றாலும் அதை நம்பி எவரும் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் பத்துப் பக்கத்தை உண்மையாக மொழிபெயர்த்த ஒருவருக்குத்தான் ஒரு வாக்கியம் எப்படி நிற்கிறது என்பது தெரியும். பள்ளிக்குப் போனாலும், நீதிமன்றத்துக்குப் போனாலும், பிரதி திருத்தப் போனாலும் அது கூடவே போகும். வாக்கியம் என்ன சொல்கிறது என்று கவனிக்கப் பழகிய கண் அது.

எங்கள் பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டுபோனேன். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும், இதுவரை ஆங்கிலத்தில் வராத தமிழ்க் கதை ஒன்றின் பத்துப் பக்கங்களை மொழிபெயர்த்து, எங்கே தடுக்கியது, ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தோம் என்று குறிப்பெழுதித் தர வேண்டும். ஆய்வேட்டுக்குப் பதிலாக அதையே ஏற்க வேண்டும். அவ்வளவுதான். ஒருவர், இதற்கு மாதிரி வினாத்தாள் எப்படித் தயாரிப்பது என்று கேட்டார். இன்னொருவர், திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் தமிழ் மூலத்தைப் பார்க்குமா என்று ஐயம் எழுப்பினார். மூத்த பேராசிரியர் ஒருவர் அன்பாகவே சொன்னார்: "தம்பி, திருத்துறதுக்கு நமக்குத் தமிழ் வரணுமே."

தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் டிசம்பரில். அந்த அம்மாவின் மகள் முதலாண்டு 'பி' பிரிவில், ஜன்னலோரம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.