நானாவின் மீன் தொட்டி

எங்கள் நானா சவூதிக்குப் போகும்போது என் பொறுப்பில் விட்டுப் போனது ஒரு கண்ணாடி மீன் தொட்டி. “தங்கச்சி, நீதான் இதைப் பார்த்துக்கொள்ளணும்” என்றார். நான் பார்த்துக்கொண்ட சீர் இதுதான்: பெருநாளைக்கு வீடு துப்புரவு செய்த கையோடு, தொட்டியில் இருந்த மணலையும் வாரியெடுத்து, பாசி போகத் தேய்த்துக் கழுவி, பளிச்சென்று பைப் தண்ணீரை நிரப்பினேன். மறுநாள் மாலைக்குள் மீன்கள் அத்தனையும் மேலே மிதந்தன. “நோய் வந்து செத்துவிட்டன, நானா” என்று கடிதம் எழுதினேன்.

பதினெட்டு வருடம் கழித்து ஹேவாஹெட்டைக்கே திரும்பி வந்தவர், பரணில் கிடந்த அந்தத் தொட்டியை இறக்கினார். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். சின்னதாகத்தான் தெரியும். ஆனால் தண்ணீர் மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் என்பதால் பழைய அலுமாரியின் மேல் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஜன்னல் வெயில் விழாத மூலையில், தடித்த பலகை மேசை ஒன்று செய்வித்தார். வெயில் பட்டால் செடியை முந்திக்கொண்டு பாசி வளருமாம். விளக்கும் ஒரு நாளைக்கு ஏழெட்டு மணித்தியாலத்துக்கு மேல் எரியக் கூடாது.

முன்பு பிளாஸ்டிக் செடிதான் வைத்திருந்தார். இம்முறை உயிருள்ள செடி. கிரிப்டோகோரைன் என்று பெயர். உலகமெங்கும் மீன் வளர்ப்போர் விரும்பும் இந்தக் குடும்பத்தின் பல வகைகள் இலங்கைக்கே உரியவை. ஒன்றின் பெயரான த்வைட்டீசி, அந்நாளில் பேராதனைப் பூங்காவை நிர்வகித்த த்வைட்ஸ் என்பவரை நினைத்து வைக்கப்பட்டது. வென்டியி என்ற வகைக்கு 1958ல் ஒரு ஜெர்மன் மீன் வளர்ப்பாளரின் பெயரை வைத்தார்கள். நம் ஓடையில் முளைத்த செடிக்கு எங்கோ இருப்பவர் பெயர்! ஆற்றங்கரையில் பிடுங்கி வரலாமே என்றேன். “வேண்டாம், ஏற்கெனவே அருகி வருகிறது” என்று, நாற்றுப் பண்ணையில் வளர்த்ததையே வாங்கி வந்தார். இவை வேரால் உணவு எடுப்பவை. அதனால் கழுவிய ஆற்று மணலை மூன்று அங்குலம் நிரப்பி நட்டார்.

பத்து நாளில் இலையெல்லாம் கண்ணாடி போலாகி, கூழாய்க் கரைந்தது. “காசு போச்சே, பிடுங்கிப் போடுங்கள்” என்றேன். அவர் அழுகிய இலைகளை மட்டும் எடுத்தார். பண்ணையில் இவை பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்க்கப்படுகின்றன. நீருக்குள் வைத்ததும் பழைய இலைகள் கரைந்துவிடும். வேர் சாகாது. அப்படியே மூன்றாம் கிழமையில் மணலைக் கீறிக்கொண்டு சுருண்ட இலையொன்று வந்தது.

மீன் எங்கே என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். நானா அசையவில்லை. மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அமோனியாவாகும்; அது நஞ்சு. மணலிலும் வடிகட்டியிலும் குடியேறும் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். அது அவ்வளவு கெடுதியில்லை, செடியும் எடுத்துக்கொள்ளும். இந்தப் பற்றீரியா பெருக நான்கு முதல் ஆறு கிழமை பிடிக்கும், குளிரில் இன்னும் தாமதமாகும். நம் ஊர்க் குளிரைச் சொல்ல வேண்டுமா! பைப் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரின் இந்தப் பற்றீரியாவையும் கொல்லும், மீனின் பூவையும் அரிக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பேச்சு வரவில்லை. அழுக்கு என்று நான் தேய்த்துக் கழுவியது அந்த மீன்களின் உயிரைத்தான்.

ஏழாம் கிழமை ஆறு லே தித்தயா வந்தன. செக்கச் சிவந்த சிறு மீன். 1929ல் தெரணியகல விபரித்த, நம் நாட்டுக்கே சொந்தமான இனம். ஆனால் தென்மேற்கு ஈரவலய ஓடைகள்தான் அதன் வீடு. அலுத்துப்போனால் இங்குள்ள ஓடையில் விடுவது சரியல்ல. செடியும் அப்படித்தான். 1939ல் இலங்கைக்கு வந்த சல்வீனியா குளங்களையும் வயல்களையும் மூடிய கதையை வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அன்றிரவு தொட்டி முன்னால் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். “அந்த மீன்கள் நோயால் சாகவில்லை, நானா.”

“தெரியும் தங்கச்சி. நோய் வந்தால் எல்லாம் ஒரே நாளில் சாகாதே” என்று சிரித்தார்.

போன கிழமை மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போனார். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு ஒரு வேளைத் தீன், கிழமைக்கொரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுவது, மணலில் கை வைக்காமல் இருப்பது: இவ்வளவையும் கடதாசியில் எழுதி, கண்ணாடியில் ஒட்டி, தொட்டியை என்னிடமே விட்டுப் போயிருக்கிறார்.