நரோராவை மறக்கலாகாது

பெங்களூருவை அடுத்த ஆனேக்கல் வட்டத்தின் பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளில் மின்தடை ஏற்பட்டால் டீசல் ஜெனரேட்டர்கள் கைகொடுக்கும். அவையும் பழுதானால் உற்பத்தி நிற்கும், நஷ்டம் ஏற்படும், அவ்வளவுதான். அத்தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வழங்கும் தென்மண்டலத் தொகுப்பில் இணைந்துள்ள கைகா, கூடங்குளம், கல்பாக்கம் அணுமின் நிலையங்களின் கதை வேறு. உலையை நிறுத்திய கணத்திலும் முழுத்திறனில் ஏறத்தாழ 6 சதவீத வெப்பம் எரிபொருளில் எஞ்சியிருக்கும். அது படிப்படியாகவே குறையும். அதுவரை நீர் செலுத்தும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும்.

இது 2011 மார்ச் 11-ல் ஜப்பானின் புகுஷிமா கற்பித்த பாடம் என்றே பலரும் கருதுகின்றனர். இந்தியாவோ 18 ஆண்டுகளுக்கு முன்பே அதைக் கற்றது. உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அதிகாலை, முதல் அலகின் டர்பைன் தகடுகள் உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. அங்கு டீசல் ஜெனரேட்டர்கள் இல்லாமலில்லை. ஆனால் பிரதான மின்சாரத்துக்கும் மாற்று மின்சாரத்துக்குமான கேபிள்கள் போதிய தீத்தடுப்பின்றி அருகருகே சென்றதால் சேர்ந்தே எரிந்தன. கட்டுப்பாட்டு அறையைப் புகை சூழ்ந்தது. சுமார் 17 மணி நேரம் மின்சாரமே இல்லை. டீசல் எஞ்சினால் நேரடியாக இயங்கும் தீயணைப்பு பம்புகளைக் கொண்டு நீர் செலுத்தி விபரீதத்தைத் தவிர்த்தவர்கள் ஊழியர்கள்தான். அமெரிக்காவின் பிரௌன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில் 1975-ல் நிகழ்ந்த கேபிள் தீ இதே எச்சரிக்கையை விடுத்திருந்தது என்பது வேதனைக்குரியது.

நரோராவில் தீ; புகுஷிமாவில் வெள்ளம். இரண்டிலும் ஜெனரேட்டர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஒரே காரணம் அனைத்தையும் ஒருசேர முடக்கியது.

அதன்பின் இந்திய நிலையங்களில் திருத்தங்கள் செய்யப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றைச் சோதித்து உறுதி செய்வது யார் என்பதே கேள்வி. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டபூர்வ தன்னாட்சி இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் சுட்டிக்காட்டினார். அதற்கு முன்பே, 2011-ல் கொண்டுவரப்பட்ட மசோதா, 2014-ல் மக்களவையுடன் காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி மசோதாதான் வாரியத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. அதே மசோதா தனியார் நிறுவனங்களுக்கும் அணுமின் துறையைத் திறந்துவிட்டது.

எனவே, ஒவ்வொரு நிலையத்திலும் மாற்று மின் ஏற்பாடுகள் எத்தனை முறை சோதிக்கப்பட்டன, எத்தனை முறை இயங்க மறுத்தன, ஏன் மறுத்தன என்ற விவரங்களை வாரியம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கேபிள் செல்லும் வரைபடத்தை எவரும் கேட்கவில்லை.